திரும்பப் போட்டுப் பார்த்தியா?

1

ஓமனுக்கு வந்து பத்தொன்பது வருடம் முடிந்த நாளில் நான் ஓமனில் இல்லை. ஸ்ரீரங்கத்தில், எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில், சென்னையில் தேர்வு எழுதிவிட்டு வரும் மகளுக்காகக் காத்திருந்தேன். நாற்பது நாள் விடுப்பில் அது நான்காவது நாள். என் மனைவி கலா சாம்பாரை இரண்டாவது முறை சூடு பண்ணிவிட்டு, "இந்நேரம் வண்டி வந்திருக்கணுமே" என்று வாசலைப் பார்த்தாள்.

அபிநயாவுக்கு இருபத்தைந்து வயது. திருச்சியிலேயே இன்ஜினீயரிங் படித்துவிட்டு, மூன்று வருடமாக வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை செய்கிறாள். வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்பது அவளாகவே எடுத்த முடிவு. அதற்கு ஜிமேட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதில் அதிகபட்சம் எண்ணூற்றைந்து. அவள் மனதில் வைத்திருந்த ஐந்து கல்லூரிகளுக்கு அறுநூற்று நாற்பத்தைந்து இருந்தால்தான் தைரியமாக விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியிருந்தாள். கடைசி நாள் ஜனவரி முதல் வாரம். நான் விடுப்பில் வந்தது அக்டோபரில்.

அபி வந்தாள். செருப்பைக் கழற்ற வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

"எவ்வளவுடா?" என்றேன்.

"நானூத்தித் தொண்ணூத்தஞ்சு."

அது நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று கலாவுக்குத் தெரியவில்லை. "ஆயிரத்துக்கா?" என்றாள்.

"எண்ணூத்தி அஞ்சுக்கும்மா."

"அப்ப பாதிக்கு மேலதானே வந்திருக்கு? எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?"

அபி உள்ளே போய்விட்டாள். இந்தத் தேர்வை எழுதி முடித்தவுடன் முடிவு அங்கேயே திரையில் வந்துவிடும். அப்படியென்றால் சென்னையிலிருந்து வரும் அத்தனை நேரமும் அந்த எண்ணை அவள் தனியாகச் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள். என் போன் நாள் முழுக்க என் கையிலேயே இருந்தது. அவள் கூப்பிடவில்லை. நானூற்றுத் தொண்ணூற்றைந்தைவிட அதுதான் எனக்கு உறைத்தது.

2

ஊரில் இருக்கிறவர்களுக்கு என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஓமனில், சோஹார் என்ற ஊரில், குழாய்களும் கொதிகலன்களும் நிறைந்த ஒரு ஆலையில் நான் வெல்டிங் பரிசோதகர். பற்றவைத்த ஒவ்வொரு இணைப்பையும் எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்தப் படத்தை வெளிச்சத்துக்கு முன்னால் வைத்து, உள்ளே விரிசலோ காற்றுக்குமிழோ இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது நான். எந்தப் படத்தையும் இரண்டு முறை பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. திருச்சி கைலாசபுரத்துக் கொதிகலன் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த காலத்தில் கற்றது அது. என் அப்பாவும் அங்கேதான் வெல்டர். பத்தாம் வகுப்பில் நான் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கி வந்தபோது, "மீதி ரெண்டு எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தார். அந்தத் தொழிற்சாலைக் குடியிருப்பில் நூற்றுக்கு நூறுதான் மதிப்பெண். மற்றதெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டிய எண்கள்.

நான் கிளம்பும்போது அபிக்கு ஆறு வயது. குடும்பத்தைக் கூட்டிவரும் தகுதியுள்ள விசா எனக்குப் பல வருடங்கள் கிடைக்கவில்லை. கிடைத்தபோது அவள் பத்தாம் வகுப்பில் இருந்தாள், பள்ளியை மாற்ற வேண்டாம் என்று விட்டுவிட்டோம். வருடத்துக்கு ஒரு விடுப்பு. எல்லாவற்றையும் கூட்டினால், இந்தப் பத்தொன்பது வருடத்தில் என் மகளோடு ஒரே கூரையின் கீழ் இரண்டு வருடம் இருந்திருந்தால் அதிகம்.

மீதி நாட்களில் எங்களுக்குள் கணக்கு இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அவள் வீட்டுப்பாடத்தைப் போனில் படித்துக் காட்டுவாள். பிறகு படம் எடுத்து அனுப்ப ஆரம்பித்தாள். நான் ஆலை முகாம் அறையில் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்பேன். விடை சரியாக இருந்தாலும் ஒரு கேள்வி கேட்பேன்: "திரும்பப் போட்டுப் பார்த்தியா?" அவள் "பார்த்தேம்ப்பா" என்பாள். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நூறு வாங்கினாள். அந்த நூறில் பாதி என்னுடையது என்று ஆலையில் எல்லோரிடமும் சொன்னேன்.

3

இரண்டு நாள் கழித்து அபி மடிக்கணினியை என் முன்னால் வைத்தாள். "பாருங்க" என்று மட்டும் சொன்னாள். தேர்வு நடத்துகிறவர்கள் அனுப்பிய விரிவான அறிக்கை. ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை நேரம் எடுத்துக்கொண்டாள் என்பது அதில் இருந்தது. கணக்குப் பகுதியில் நாற்பத்தைந்து நிமிடத்தில் இருபத்தொரு கேள்விகள். அவள் தொட்டது பதினைந்து. அதில் பதின்மூன்று சரி. கடைசி ஆறும் வெறுமையாக இருந்தன. இந்தத் தேர்வில் கேள்வியைத் தப்பாகப் போடுவதைவிடத் தொடாமல் விடுவதற்குத்தான் தண்டனை அதிகம் என்று அவள்தான் சொன்னாள். மற்ற இரண்டு பகுதிகளிலும் இதே கதை.

எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதுபோலவே அதைப் பார்த்தேன். விரிசல் கண்ணில் பட்டது.

"மூணாவது கேள்விக்கு ஒன்பது நிமிஷமா? அவ்வளவு கஷ்டமா?"

"இல்ல. ரெண்டு நிமிஷத்துல விடை வந்துடுச்சு."

"அப்புறம் ஏழு நிமிஷம் என்ன பண்ணே?"

"திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதே விடைதான். அப்புறம் வேற வழியில போட்டேன். அப்பவும் அதேதான்."

"பின்ன ஏன் அங்கேயே உட்கார்ந்திருந்தே?"

"நீங்கதானேப்பா."

எனக்குப் புரியவில்லை. அவள் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆறாங்கிளாஸ்லேர்ந்து இதைத்தானே கேக்குறீங்க. சாப்பிட்டியான்னு கேக்குறதே அதுக்கப்புறம்தான். அந்த ரூம்ல உட்கார்ந்திருக்கேன், காதுல உங்க குரல்தான் கேக்குது. கை அடுத்த கேள்விக்குப் போக மாட்டேங்குது."

சமையலறையிலிருந்து கலா வந்தாள். "அடியே, மார்க் வரலன்னா அப்பா மேல பழி போடுவியா?"

"பழி போடலம்மா. கேட்டாங்க, சொன்னேன். எப்படியும் இனிமே நான் எழுதப் போறதில்ல. விடுங்க."

அன்று மாலை காவிரிக்கரை அம்மா மண்டபம் வரை நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். ராஜகோபுரத்தைத் தாண்டியது நினைவில்லை. படித்துறையில் போய் உட்கார்ந்தேன். வெளிநாட்டில் இருக்கும் அப்பா என்னென்ன கொடுக்காமல் விட்டோம் என்றுதான் எப்போதும் கவலைப்படுவான். நான் கொடுத்ததே அவளுக்குக் குறுக்கே நிற்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. திரும்பி வரும்போது ஒன்று மட்டும் முடிவு செய்திருந்தேன். அவள் இன்னொரு முறை எழுத வேண்டும். அதற்கு என்னால் ஆன கெடுதலை நானே சரி செய்ய வேண்டும்.

4

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. "நான் ஒரு தடவை எழுதிப் பார்க்குறேன்" என்றேன்.

அபி நம்பவில்லை. "நீங்களா?"

"கணக்கு மட்டும். இங்கிலீஷ் வேண்டாம்."

மாதிரித் தேர்வு ஒன்றைத் திறந்து கொடுத்தாள். நாற்பத்தைந்து நிமிடக் கடிகாரம் திரையின் மூலையில் இறங்க ஆரம்பித்தது. முதல் கேள்வி பத்தொன்பது புள்ளி எட்டு சதவீதம் பற்றியது. நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் அது கிட்டத்தட்ட எவ்வளவு என்று கேட்டிருந்தது. நான் தாளில் பெருக்கினேன். தொள்ளாயிரத்து எண்பத்தேழு புள்ளி நான்கு இரண்டு ஆறு. வகுத்துச் சரிபார்த்தேன். நிமிர்ந்தபோது நான்கு நிமிடம் போயிருந்தது. கொடுத்திருந்த விடைகளில் என் விடை இல்லை. ஐந்நூறு, ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று இருந்தன.

பக்கத்தில் நின்ற அபி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நேரம் முடிந்தது. அவள் முடிவைப் படித்தாள். "பதினொண்ணு போட்டிருக்கீங்க. பத்து ரைட்டு. மீதிப் பத்துக் கேள்வியைப் பார்க்கவே இல்ல."

"அந்தத் தப்பு எது?" என்றேன்.

மூன்று நாளில் முதல் முறையாக அவள் சிரித்தாள். உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, இங்க வாங்களேன்! பத்துக் கேள்விய அம்போன்னு விட்டுட்டு வந்து, தப்பான ஒண்ணு எதுன்னு அப்பா கேக்குறாங்க!"

கலா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "உன் மார்க்கைவிடக் கம்மியா?"

"ரொம்பக் கம்மி."

"அப்ப நீ அவர் பொண்ணுதான், சந்தேகமே இல்ல."

நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபின் அபி சொன்னாள்: "அப்பா, இருபது பர்சன்ட், ஐயாயிரம். ஆயிரம். பத்து செகண்ட். கிட்டத்தட்டன்னுதானே கேட்டிருக்கான்? இது பாய்லர் இல்லப்பா."

"பாய்லர்ல ஒரு ஜாயின்ட்டை விட்டா ஆள் செத்துப்போவான்மா."

"இங்க ஒரு கேள்விக்கு ஏதோ ஒரு விடைய அழுத்திட்டு விட்டா ஒண்ணும் ஆகாது. விடலன்னாதான் ஆகும்."

அதைச் சொன்னவள், தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல நிமிர்ந்தாள். பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டு போனாள். எழுதப் போவதில்லை என்ற பேச்சு அதற்குப் பிறகு வீட்டில் எழவில்லை.

5

ஒரு நோட்டுப் போட்டோம். தப்பாய்ப் போன ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே மூன்றில் ஒரு காரணம் எழுத வேண்டும்: தெரியாதது, அவசரப்பட்டது, விடாதது, அதாவது நேரம் போனபின்னும் பிடித்துக்கொண்டிருந்தது. முதல் வாரம் முடிந்தபோது தெரியாதது மிகக் குறைவாக இருந்தது. 'விடாதது' பக்கத்தை நிரப்பியிருந்தது. கோச்சிங்கில் சேரலாமா என்ற கேள்விக்கு அதுவே பதில் சொல்லிவிட்டது. அவளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் தேவையில்லை, ஒரு கேள்வியிலிருந்து அடுத்ததற்கு எழுப்பிவிடத்தான் தேவை.

காலை ஆறு மணிக்கு, அவள் வேலை தொடங்குவதற்கு முன், கைக்கடிகாரத்தோடு பக்கத்தில் உட்காருவேன். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம். அதற்குள் வழி தெரியவில்லை என்றால், இருப்பதில் நல்லதாகத் தோன்றும் விடையை அழுத்திவிட்டு நகர வேண்டும். விடை வந்துவிட்டால் திரும்பப் பார்க்கக் கூடாது. முதல் நாள் இரண்டு நிமிடம் ஆனதும் என் வாயிலிருந்து "கலாஸ்!" என்று வந்துவிட்டது. முடிந்தது, போதும் என்பதற்கு ஓமனில் சொல்லும் அரபுச் சொல். ஆலையில் ஒரு நாளைக்கு நூறு முறை கேட்கிறேன். பத்தொன்பது வருடத்தில் வீட்டுக்குள் என்னிடமிருந்து வந்த முதல் அரபுச் சொல் அதுதான் என்று நினைக்கிறேன்.

"யாரைத் திட்டுறீங்க?" என்றாள் கலா உள்ளேயிருந்து.

கலாஸ் சொல்வது எளிதாக இல்லை. அவள் கடைசி வரியை எழுதிக்கொண்டிருப்பாள், இன்னும் பத்து விநாடியில் விடை வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். வாய் திறக்காமல் இருந்துவிடுவேன்.

"அப்பா, மூணு நிமிஷம் ஆச்சு. நீங்களே ஏமாத்துறீங்க."

"வந்துடுச்சேம்மா…"

"வந்தாலும் வராட்டாலும் சொல்லணும். இல்லன்னா அம்மாகிட்ட வாட்ச்சைக் குடுத்துடுவேன்."

மாதிரித் தேர்வுகளில் ஐந்நூற்று நாற்பத்தைந்து வந்தது. பிறகு ஐந்நூற்று அறுபத்தைந்து. நான் சோஹார் திரும்பிய வாரம் ஐந்நூற்று இருபத்தைந்துக்கு இறங்கியது. வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. அன்று வீடியோவில் நோட்டைக் காட்டச் சொன்னேன். இப்போது 'அவசரப்பட்டது' பக்கம் நிறைந்திருந்தது. போடத் தெரிந்த கேள்விகளையும் விட்டுவிட்டு ஓடியிருந்தாள்.

"விடச் சொன்னீங்கன்னு எல்லாத்தையும் விட்டுட்டேன்" என்றாள். நோட்டை மூடிவிட்டாள். "எனக்கு இது வராது போலப்பா."

சமாதானம் சொல்வதற்குப் பதில் ஒரு வேலை கொடுத்தேன். "அந்தத் தேர்வையே மறுபடி எடு. ஒவ்வொரு கேள்விக்கும் முதல் அரை நிமிஷம் பேனாவைத் தொடாதே. படிச்சு, வழி தெரியுதா இல்லையான்னு மட்டும் சொல்லு. விடை வேண்டாம்."

இருபத்தொரு கேள்விகளுக்கும் அப்படியே செய்தோம். தெரியுது, தெரியுது, தெரியல, தெரியுது. இது எனக்குத் தெரிந்த வேலை. எந்தப் படத்தை நின்று பார்க்க வேண்டும், எதை உடனே ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும் என்பது பரிசோதகனுக்கு முதல் பார்வையிலேயே தெரியும். அதை அவளுக்கு ஒரு நாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. இரண்டாவது முறை பார்ப்பதை மட்டும் கொடுத்திருந்தேன்.

டிசம்பர் தொடக்கத்தில் அறுநூற்றைந்து வந்தது. அதற்கடுத்த வாரம் அறுநூற்று இருபத்தைந்து.

6

நடுவில் ஒரு காகிதத் தொல்லை. அவளுக்குத் தோதான நாளில் சென்னையில் இடம் இல்லாததால், வீட்டிலிருந்தே கேமரா முன்னால் எழுதும் முறையில் பதிவு செய்திருந்தாள். உறுதிக் கடிதத்தை எனக்கு அனுப்பினாள். ஒரு முறை படித்தேன். பழக்கம் விடவில்லை, இன்னொரு முறை அவள் பாஸ்போர்ட் படத்தோடு வைத்துப் படித்தேன். பழைய பாஸ்போர்ட்டில் அவள் பெயரும் என் பெயரும் ஒரே கட்டத்தில் சேர்ந்து இருந்தன. நவம்பரில் வந்த புதியதில் அபிநயா ஒரு கட்டத்திலும், என் பெயரான தங்கராசு குடும்பப் பெயர் என்ற கட்டத்திலும் போயிருந்தன. தேர்வுப் பதிவு பழையபடி இருந்தது. பெயர் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தாவிட்டால் எழுத விடமாட்டார்கள்.

இந்தக் கட்டங்கள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். என் அப்பா பெயர் கோவிந்தன். ஓமன் அடையாள அட்டையில் அது கடைசியில் ஏறியதால், சோஹாரில் எல்லோருக்கும் நான் மிஸ்டர் கோவிந்தன். கடல் தாண்டாத மனிதரின் பெயரில் பத்தொன்பது வருடமாக வணக்கம் வாங்குகிறேன்.

அபி அவர்களுக்கு எழுதி, பாஸ்போர்ட் நகல் அனுப்பி, நான்கு நாளில் சரி செய்தாள். "இதுக்கு மட்டும் உங்க வியாதி நல்லது" என்று செய்தி அனுப்பினாள்.

7

தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. மார்கழி பிறந்திருந்தது. விடிகாலை ஒலிபெருக்கிகள் அதற்குள் அடங்கிவிடும் என்று பார்த்து எடுத்த நேரம். யாராவது அறைக்குள் எட்டிப் பார்த்தாலே தேர்வு ரத்தாகலாம் என்பதால், கலா அழைப்பு மணியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே மாடிப்படியில் காவலுக்கு உட்கார்ந்தாள். என்னையும் போனில் வைத்துக்கொண்டாள்.

"உள்ள சத்தமே இல்லங்க" என்று கிசுகிசுத்தாள்.

"பரீட்சைல என்ன சத்தம் வரும்?"

"பயமா இருக்கு. பேசிக்கிட்டே இருங்க."

எதிர்வீட்டு மாமி கோயிலிலிருந்து படியேறி வருவது போனில் கேட்டது. "என்னடி கலா, படியில உட்கார்ந்துண்டிருக்கே? சாவியத் தொலைச்சுட்டியா?"

"இல்ல மாமி. உள்ள அபி பரீட்சை எழுதுறா. யாரும் போகக் கூடாது."

"ஆத்துக்குள்ளயே பரீட்சையா? கலிகாலம். போன்ல யாரு?"

"அவங்கதான். ஓமன்லேர்ந்து."

"அங்கேர்ந்து அவர் வேற காவலா? சரி, நகரு. பெருமாளைச் சேவிச்சுட்டு வரேன், பொங்கல் இருக்கு. சத்தம் போடாம சாப்பிடு."

இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு கதவு திறக்கும் ஓசை கேட்டது. போன் கை மாறியது.

"அறுநூத்தி முப்பத்தஞ்சுப்பா" என்றாள் அபி. மூச்சு வாங்கியது. "ஒரு கேள்வி பாக்கி இல்ல. கணக்குல நாலு கேள்விய, ரைட்டா தப்பான்னு தெரியாமலே ஒரு விடைய அழுத்திட்டு விட்டுட்டேன்."

"நல்லதும்மா" என்றேன். மாமி பின்னால், "எவ்வளவாம்? எவ்வளவாம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நூற்று நாற்பது கூடியிருந்தது. ஆனால் போனை வைத்த உடனே என் மனம் பிடித்துக்கொண்டது மற்ற எண்ணை. பத்துக் குறைகிறது. பதினாறு நாள் கழித்து மறுபடி எழுதலாம் என்பது விதி. எண்ணிப் பார்த்தேன், விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் விழுகிறது. முடியும். நான்கு நாள் வேலைக்கு நடுவில் அதையே யோசித்தேன். எப்படி ஆரம்பிப்பது, அவள் மறுத்தால் என்ன சொல்வது என்று ஒரு தாளில் குறித்துக்கூட வைத்தேன்.

நேற்று, செவ்வாய்க்கிழமை மாலை, அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, மார்க் அதிகாரபூர்வமா வந்துடுச்சு. அஞ்சு காலேஜுக்கும் அனுப்பிட்டேன்."

"அனுப்பிட்டியா? அந்தப் பத்து மார்க்… இன்னும் நாள் இருக்கேம்மா, ஒரு தடவை…"

"கேக்குறதுக்குக் கூப்பிடலப்பா. சொல்றதுக்குத்தான் கூப்பிட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. நான் குறித்து வைத்திருந்த தாளை மடித்தேன். "சரிம்மா" என்றேன். இனி கட்டுரைகள் எழுத வேண்டும், இரண்டு வாரம்தான் இருக்கிறது, அதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். கிடைக்குமா கிடைக்காதா என்பது மார்ச்சில்தான் தெரியும்.

"அப்ப வெள்ளிக்கிழமை நோட்டு இல்லையா?" என்றேன்.

"நோட்டு முடிஞ்சுபோச்சு. ஆனா கூப்பிடுங்க. வேற ஏதாவது பேசுவோம்."

"வேற என்ன பேசுறது?"

"அதை நீங்கதான் யோசிக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இன்று புதன். புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பேசுவதற்கு இதுவரை இரண்டு விஷயம் எழுதியிருக்கிறேன்.